ஓர் இரவுத் தொலைவில் ஒரு தலைநகர்

தூத்துக்குடியில் நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், நிலநூல் வகுப்பிலே மாணவர்களிடம் ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "நம் ஊருக்கு அண்மையிலுள்ள தலைநகரம் எது?" என்பதே அது. "சென்னை" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை கூறும். சில ஆண்டுகளில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் எழுந்து "திருவனந்தபுரம்" என்பான். அவனைப் பாராட்டி உட்கார வைத்துவிட்டு, "சரி, அதற்கு அடுத்தது எது?" என்பேன். மீண்டும் "சென்னை" என்றே குரல் எழும். அப்பொழுது சுவரில் தொங்கும் படத்தின்மேல் ஒரு நூலைப் பிடித்து அளந்து காட்டுவேன். சென்னைக்கு நேர்கோட்டில் 500 கிலோமீட்டருக்கு மேலாகிறது. நூலைத் தென்கிழக்கே திருப்பினாலோ, ஏறக்குறைய 280 கிலோமீட்டரில், அதாவது 150 கடல்மைலில், கொழும்பு வந்துவிடுகிறது. பிள்ளைகள் வியப்பார்கள். அவர்களுடைய பாட்டன்மார் வியந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பாட்டன்மார் காலத்தில் "அவர் கொழும்புக்குப் போயிருக்கிறார்" என்பது "சந்தைக்குப் போயிருக்கிறார்" என்பது போன்ற ஒரு பேச்சு. சென்னையைக் கண்டிராதவர்கள் எங்கள் தெருவிலே பலர் இருந்தனர்; கொழும்பைக் காணாத குடும்பம் அரிது. அந்நகருக்கு நம் கரையிலிருந்து மக்கள் எவ்வாறு போயினர், போய் இறங்கியபின் எவ்வாறு வழி கண்டு நடந்தனர் என்பதையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பள்ளி ஆசிரியனாகையால் ஒரு திருத்தத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சட்டப்படி இலங்கையின் தலைநகர் 1982 முதல் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டை. கொழும்பின் பழைய அலுவலகப் பகுதிக்கும் தமிழில் கோட்டை என்றே பெயர். இரண்டு கோட்டைகளுக்கும் இடையே சில மைல் தொலைவு உண்டு. வண்டிக்காரரிடம் வெறுமனே "கோட்டை" என்று சொல்லி ஏறுவோர், எந்தக் கோட்டை என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நலம். நான் பேசப்போவது கொழும்பைப் பற்றியே.

தூத்துக்குடிக்குக் கொழும்பு அயல்நாட்டுத் தலைநகர் மட்டுமன்று; ஒரு காலத்தில் அதுவே நமக்கும் தலைநகராக இருந்தது. 1658-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்கள் ஆட்சியில் நம் கரையிலிருந்த பண்டகசாலைகளும், முத்துக்குளிப்பும், துணி வாணிகமும் கொழும்பிலிருந்த ஆளுநரின் அதிகாரத்திற்கு உட்பட்டிருந்தன. நம் ஊருக்கான ஆணைகள் கடல் கடந்து கொழும்பிலிருந்து வந்தன; கணக்குகள் கடல் கடந்து கொழும்புக்குப் போயின. சென்னைக்கும் நமக்கும் அக்காலத்தில் ஆட்சி வகையில் ஒரு தொடர்பும் இல்லை.

முத்துக் குளிப்போருக்கு இக்கடலின் இரு கரையும் ஒரே முற்றம். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள பார்களில் சிப்பி விளைந்தால் இங்கே குளிப்பார்கள். மன்னார்ப் பக்கத்துப் பார்களில் விளைந்தால் படகைத் திருப்பிக்கொண்டு அங்கே போவார்கள். 1905-ஆம் ஆண்டு இலங்கைக் கரையில் நடந்த பெருங்குளிப்புக்கு நம் கரையிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் குளியாட்கள் திரளாகச் சென்றனர். மரிச்சுக்கட்டியின் மணல்வெளியில் சில வாரங்களுக்கு ஒரு பட்டினமே எழுந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரையாகும். அதன்பின் சங்கு குளித்தல் மட்டும் நிலைத்தது.

தோணியில் சரக்கோடு போவோரும் உண்டு. ஆனால் தோணி காற்றின் வேலையாள். இன்ன நாளில் இன்ன ஊர் சேரும் என்று உறுதி கூற இயலாது. குறித்த நாளில் சேர விரும்பிய பயணிக்கு வழி திறந்தது நீராவிக் கப்பலும் புகைவண்டியும் வந்தபின்னரே. 1875-ஆம் ஆண்டு டிசம்பரில், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் கொழும்பில் துறைமுக அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டிவிட்டு, கப்பலேறித் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். இங்கிருந்து புதிய இருப்புப்பாதையில் வடக்கே பயணமானார். 1876 ஜனவரியில் அப்பாதை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரே மாதத்தில் அக்கரையில் ஒரு துறைமுகமும் இக்கரையில் ஓர் இருப்புப்பாதையும் ஒரே மனிதரின் கையால் தொடக்கம் பெற்றன. தற்செயல் என்று சொல்லலாம். ஆனால் ஆங்கில அரசு தற்செயலாக எதையும் கட்டுவதில்லை. தமிழ்நாட்டு உழைப்பாளியை மலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு இரண்டும் வேண்டியிருந்தன.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அந்நாளில் ஒரு பெருங்குறை இருந்தது. கடல் ஆழமில்லை. பெரிய கப்பல் கரைக்கு வர இயலாது; ஐந்தாறு மைல் அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் பாலத்தில் இறங்கி, சிறு நீராவிப் படகில் ஏறி, முயல் தீவைக் கடந்து, கப்பலின் பக்கத்தை அடைய வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த ஐந்து மைலைத் தாண்டுவதே மீதி நூற்றைம்பதையும் தாண்டுவதைவிடக் கடினம் என்று என் பாட்டனார் சொல்வாராம். மாலையில் கப்பல் புறப்பட்டால் மறுநாட் காலையில் கொழும்பு. வானம் தெளிந்திருந்தால் கரை தெரியுமுன்னே சிவனொளிபாத மலையின் கூர்முடி கிழக்கே நீலமாகத் தெரியும்.

இவ்வழியே சென்றவர்கள் எல்லாரும் ஒரே வகையாகச் செல்லவில்லை. காசுள்ள வணிகர் புகைவண்டியிலிருந்து இறங்கி நேரே கப்பலுக்குப் போனார். தோட்டத்துக்குப் போன கூலியாளோ தூத்துக்குடிக்கு முன்னேயே, தட்டப்பாறையில் இறக்கப்பட்டான். அங்கே இலங்கை அரசினர் ஒரு தொற்றுநோய்த் தடுப்பு முகாம் வைத்திருந்தனர். பிளேக்கு, வாந்திபேதி, பெரியம்மை ஆகியவை தங்கள் தீவுக்குள் புகாதிருக்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை; நோய் உண்மையாகவே இருந்தது. ஆயினும் கங்காணியின் பின்னே வந்த அம்மக்கள் வேலிக்குள்ளே நாட்கணக்கில் காத்துக் கிடந்தனர். துணிமூட்டைகள் ஆவியில் வேகவைக்கப்பட்டன. கடல் ஓர் இரவு. அதற்கு முன்னே பல இரவுகள் முகாம். தட்டப்பாறை நிலையத்தைக் கடந்து போகும்பொழுதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். இன்று அவ்வழியே போவோரில் எத்தனை பேருக்கு அவ்வூர் இலங்கையின் வாசற்படியாக இருந்தது தெரியும்?

இனிக் கட்டணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்பகுதியை நேயர்கள் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆயினும் பயணியின் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்ப்போம். தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா கப்பற் கம்பெனியே தனியாட்சி செலுத்தி வந்தது. அதனை எதிர்த்து 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். முதலில் வாடகைக்கு எடுத்த கப்பல் எதிரியின் நெருக்கடியால் திரும்பப் பெறப்பட்டது. பின்னர் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைச் சொந்தமாக வாங்கினர். 1907-இல் அவை தூத்துக்குடிக்கு வந்தன.

அப்பொழுது தொடங்கியது கட்டணப் போர். வெள்ளையர் கம்பெனி ஆள் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்று குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே எதிர்த்தரப்பார் கட்டணமே வேண்டாம், இலவசமாக ஏறுங்கள், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றனர். வ.உ.சி.யின் வரலாற்றை எழுதியோர் எல்லாரும் இக்குடையைக் குறிப்பிடுகின்றனர். குடை வாங்கியவர் யார் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. நான் சொல்கிறேன்: வாங்கியவர்களுள் ஒருவர் என் பாட்டனார்.

அவருக்கு அப்பொழுது பதினைந்து பதினாறு வயது. கொழும்பில் மிளகாய் மண்டி வைத்திருந்த உறவினரிடம் கடைப்பையனாகச் சேரப் புறப்பட்டார். வீட்டில் கொடுத்தது ஒன்றரை ரூபாய். எட்டணாக் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினால் மீதி ஒரு ரூபாய்தான் கையில் இருக்கும். அக்கரையில் முதல் மாதச் சம்பளம் வரும்வரை அதைக்கொண்டு கழிக்க வேண்டும். பாலத்தில் நின்று நெடுநேரம் யோசித்தாராம். கடைசியில் வெள்ளைக்காரன் கப்பலில் ஏறினார். கொழும்பில் ஓயாத மழை; குடை உதவியது. சில ஆண்டுகள் கழித்து ஊருக்குத் திரும்பியபொழுது அக்குடையைக் கொண்டுவரவில்லை. கடையிலேயே விட்டுவிட்டு வந்தார். இதை அவர் தம் முதுமையில் என் தகப்பனாரிடம் சொன்னார். அவர் என்னிடம் சொன்னார். சுதேசிக் கம்பெனி வீழ்ந்ததற்குக் காரணம் அரசின் அடக்குமுறையும் 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதுமே என்று வகுப்பில் முப்பதாண்டு நான் கற்பித்தேன். அது உண்மையே. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் எதிரிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. ஆனால் ஒரு ரூபாயை எண்ணிப் பார்த்த பையன்களுக்கும் அதில் பங்குண்டு என்பதை நான் வகுப்பில் சொன்னதில்லை.

1914 பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் நேர்வழி மாறியது. சென்னை எழும்பூரில் ஏறிய பயணி தனுஷ்கோடிவரை இரயிலிலேயே வந்து, இருபது மைலுக்குச் சற்று மிகுந்த கடலை மட்டும் கப்பலில் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் இரயில் ஏறிக் கொழும்பு சேரலாம் என்றாயிற்று. அந்த இரயிலுக்குத்தான் போட் மெயில் என்று பெயர். கடலுக்கு அஞ்சியவர்களுக்கு இது வரப்பிரசாதம். தூத்துக்குடிக்கோ ஒரு வாசல் பாதி சாத்தப்பட்டது போலாயிற்று.

என் தகப்பனார் 1947-இல், தமது இருபதாம் வயதில், அவ்வழியே சென்றார். மணியாச்சி, மதுரை, மானாமதுரை என்று வண்டி மாறி மண்டபம் சேர்ந்தார். மண்டபத்திலும் இலங்கை அரசினரின் முகாம். மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்தார், அம்மை குத்திய தழும்பைப் பார்த்தார், சீட்டில் முத்திரை குத்தினார். இந்த மண்டப முகாமின் கதை விந்தையானது. இலங்கைக்குப் போவோரைத் தடுத்து நிறுத்திச் சோதிப்பதற்காகக் கட்டப்பட்ட அவ்விடம், பின்னாளில் இலங்கையிலிருந்து வருவோரை ஏற்றுக்கொள்ளும் இடமாயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாகி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அவ்வாறு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் பலர் அம்முகாமிலே இறங்கினர். 1983-க்குப் பின் அகதிகள் இறங்கினர். இன்றும் அது இலங்கைத் தமிழர் முகாமாகவே உள்ளது. போகும் வழியில் தாத்தா தங்கிய கொட்டகைக்குத் திரும்பும் வழியில் பேரன் வந்து சேர்ந்தான் என்று சொன்னால் மிகையாகாது.

என் தகப்பனார் தலைமன்னாரில் இரவு வண்டி ஏறி, மதவாச்சி, அநுராதபுரம் வழியாகப் பொழுது விடிந்தபின் கோட்டை இரயில் நிலையத்தில் இறங்கினார். அந்நகரில் அவர் கண்ட முதற்புதுமை டிராம் வண்டியன்று, காசு. நம் நாட்டில் அப்பொழுது ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு பை. இலங்கையில் 1872 முதற்கொண்டே ரூபாய்க்கு நூறு சதம். ஐந்து சதத்தை அணாவாக மாற்றி மனத்துக்குள் கணக்கிட்டு முடிப்பதற்குள் டிராம் புறப்பட்டுவிடும் என்பார். 1957-இல் இந்தியாவில் நயாபைசா வந்து ஊரெல்லாம் திகைத்தபொழுது, எங்கள் வீட்டில் மட்டும் அவர் சிரித்துக்கொண்டிருந்தாராம்.

டிராம் கொழும்பில் 1899-இல் ஓடத் தொடங்கியது. இரண்டே வழிகள். ஒன்று கோட்டையிலிருந்து புறக்கோட்டைப் பிரதான வீதி வழியாகக் கிராண்ட்பாசுக்கு. மற்றொன்று மருதானை வழியாகப் பொறளைக்கு. புதிதாக வந்தவனுக்கு இவ்விரண்டையும் தெரிந்துகொண்டால் நகரில் பாதி தெரிந்தது போலாகும். கூலி மிகுதியானாலும் கைவண்டி, அதாவது ரிக்‌ஷா, எங்கும் கிடைக்கும். இழுப்போரில் பெரும்பாலோர் நம் நாட்டுத் தமிழர். ஆகையால் ஏறுவோனும் இழுப்போனும் ஊர் விசாரித்துக்கொண்டே போவது வழக்கம். "நம் ஊர்க்காரன் இழுக்க நான் உட்கார்ந்து போவதா என்று முதல் வாரம் கூசினேன், பிறகு கூச்சம் போய்விட்டது. போனது நல்லதா கெட்டதா என்று இன்றும் தெரியவில்லை" என்றார் தகப்பனார். டிராம் 1960 ஜூனில் நிறுத்தப்பட்டது. மின்கம்பியில் ஓடிய பேருந்துகள் 1953-இல் வந்து 1964-இல் போயின.

கொழும்பின் தமிழ்ப் பெயர்களே ஒரு வழிகாட்டி நூல். கோட்டை, கோட்டைக்கு வெளியே இருந்ததால் புறக்கோட்டை. நாட்டுக்கோட்டையார் கடை வைத்த தெரு செட்டியார் தெரு. அங்கே கதிரேசன் கோயில்கள். டச்சுக் கம்பெனியின் நினைவாகக் கொம்பனித் தெரு. கறுவா பயிரிட்ட இடம் கறுவாத் தோட்டம். கொச்சிக்கடையில் பொன்னம்பல முதலியார் எழுப்பி, சர். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில். அதற்குச் சிறிது தொலைவில் அந்தோனியார் தேவாலயம். நம் கடற்கரையிலிருந்து சென்றவர் எச்சமயத்தவராயினும் முதல் நாளே கொச்சிக்கடைக்குப் போய்வருவது மரபு. அந்தோனியார் கோயில் வாசலில் நெற்றியில் நீறணிந்தோர் மெழுகுவத்தி ஏற்றுவதை அங்கே எவரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த தேவாலயங்களுள் அதுவும் ஒன்று.

நம்மை மயக்கும் சொற்களும் உண்டு. நம் ஊரில் நாட்டாமை என்றால் ஊர்த்தலைவர். புறக்கோட்டையில் நாட்டாமை என்றால் மூட்டை சுமப்பவர். புதிதாகப் போன ஒருவர், "நாட்டாமையைக் கூப்பிடு" என்று முதலாளி சொன்னதும் பதறி எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டாராம்.

இனி வருவதைச் சுருங்கச் சொல்வேன். 1949 நவம்பரில் இலங்கையின் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை மருத்துவரின் முத்திரை போதும். இப்பொழுது கடவுச்சீட்டும் அனுமதியும் வேண்டும். கடையில் வேலை செய்தோருக்குத் தற்காலிகத் தங்கல் அனுமதி அளிக்கப்பட்டது. 1954-இல் என் தகப்பனாரின் அனுமதி நீட்டிக்கப்படவில்லை, ஊர் திரும்பினார். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேசுவரத்திலிருந்து சில காலம் ஓடி, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் நின்றது. கடல் இதில் ஒன்றிலும் மாறவில்லை. 1907-இலும் 150 கடல்மைல், 1984-இலும் 150 கடல்மைல். கட்டணம், முகாம், முத்திரை, அனுமதிச் சீட்டு ஆகிய இவைதாம் அந்நகரை எங்களுக்கு அண்மையிலும் சேய்மையிலும் மாற்றி மாற்றி வைத்தன. நான் சிறுவனாயிருந்தபொழுது கொழும்பு எங்கள் வீட்டுக்குள் வானொலியாக மட்டும் வந்தது. இலங்கை வானொலியின் தமிழொலி, நம் நிலையங்களைவிடத் தெளிவாகக் கேட்கும். இதை நம் வானொலியிலேயே சொல்வதற்கு நிலையத்தார் பொறுத்தருள வேண்டும்.

2011 ஜூன் 13-ஆம் நாள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே மீண்டும் பயணிகள் கப்பல் விடப்பட்டது. ஸ்காட்டியா பிரின்ஸ் என்பது அதன் பெயர். அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அப்பெயர் பொறித்த வாயில் வழியாகக் கொழும்புக் கப்பலுக்குப் போவதில் எனக்கு ஒரு குடும்பக் கணக்கும் இருந்தது. அதை நேயர்கள் இப்பொழுது அறிவீர்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் சீட்டு வாங்கினேன், முழுக் கட்டணம் கொடுத்து.

தகப்பனாருக்கு அப்பொழுது 84 வயது, உடன்வர இயலவில்லை. நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் வழி எழுதிக் கொடுத்தார். "கான் மணிக்கூண்டு. அங்கிருந்து பிரதான வீதி. வலப்பக்கம் குறுக்குத் தெருக்களை எண்ணு. இரண்டாவதில் சிவப்புப் பள்ளிவாசல். நான்காவது நம்முடையது." அவ்வளவே. எழுபத்தைந்து அடியெடுத்து வைத்தால் கடை என்றும் வாய்மொழியாகச் சொன்னார்.

புதிய துறைமுகம் ஆழமுடையது, 1974-இல் பெருந்துறைமுகமானது. ஆகையால் படகில் இறங்கி ஏறும் தொல்லையில்லை. மாலையில் ஏறி மறுநாட் காலையில் இறங்கினேன். சிவனொளிபாத மலையைக் காணலாம் என்று விடியுமுன்னே மேல்தளத்தில் போய் நின்றேன். முகில் மூடியிருந்தது. துறைமுகத்துக் கட்டடங்களே முதலில் தெரிந்தன.

துறைமுக வாயிலில் முச்சக்கர வண்டிக்காரர் பலர் சூழ்ந்தனர். தகப்பனாரின் வழி நடைவழி, எனவே நடந்தேன். 1923-இல் கட்டப்பட்ட கான் மணிக்கூண்டு அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது. பிரதான வீதியில் மனிதர் தோளோடு தோள் உரச நடந்தனர். முதல் குறுக்குத் தெரு. இரண்டாவது, அங்கே திரும்பிப் பார்த்தால், சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடுக்கிய செங்கற் பள்ளிவாசல். மூன்றாவது. நான்காவதில் நுழையுமுன்னே மூக்கு சொல்லிவிட்டது: வற்றல் மிளகாய், வெங்காயம், கருவாடு. நாட்டாமைகள் மூட்டையோடு ஓடினர். எழுபத்தைந்து அடி நடந்து நின்றேன். அவ்விடத்தில் மூன்று மாடிக் காங்கிரீட் கட்டடம் ஒன்று நின்றது. எதிர்க்கடையில் இருந்த பெரியவர் நல்ல தமிழில் விசாரித்தார். அந்த வரிசையில் பழைய கடைகள் 1983 ஜூலையில் எரிந்தன என்றார். எங்களுடைய மண்டியும் அவற்றுள் ஒன்றா, அதற்கு முன்னரே இடிக்கப்பட்டதா என்பது அவருக்குத் தெரியவில்லை. உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார். "தூத்துக்குடியிலிருந்து கப்பலிலா வந்தீர்கள்? அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!" என்றார்.

மூன்று நாள் இருந்தேன். 138-ஆம் எண் பேருந்தில் ஒரு முறை, காலி வீதியில் ஓடும் 100, 101 ஆகியவற்றில் பல முறை பயணம் செய்தேன். வழிப்பலகைகள் மூன்று மொழியிலும் இருந்தன. ஆயினும் நடத்துநர் கூவும் ஊர்ப்பெயர்கள் சிங்கள உச்சரிப்பில் வருவதால், பம்பலப்பிட்டியில் இறங்க வேண்டியவன் வெள்ளவத்தையில் இறங்கினேன். கெட்டதில் ஒரு நன்மை. வெள்ளவத்தையில் இட்டலி கிடைத்தது.

ஊர் திரும்பியதும் தகப்பனார் முதலில் கேட்டது, "எண்ணிக்கை சரியாக இருந்ததா?" என்பதே. சரியாக இருந்தது என்றேன். கடையைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, டிராம் தண்டவாளம் வீதியில் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "பள்ளிவாசல்?" இருக்கிறது என்றேன். தலையசைத்துக்கொண்டார்.

அக்கப்பல் அவ்வாண்டு நவம்பரோடு நின்றது. ஐந்து மாதமே ஓடியது. இன்று தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்குப் பெட்டகங்கள் ஓயாமல் போய்வருகின்றன. பெரிய கப்பல்களுக்கு மாற்றப்படுவதற்காக நம் ஊர் நூலும் துணியும் அத்துறைமுகத்தில் இறங்குகின்றன. மனிதர் போவதற்கு மட்டும் அவ்வழி இல்லை. வாகைக்குளத்து விமான நிலையத்திலிருந்தும் நேரே போக இயலாது. மதுரைக்கோ திருச்சிக்கோ சென்று விமானம் ஏற வேண்டும். வானில் இருப்பது ஒரு மணி நேரம் அளவே. மதுரைக்குப் போவதற்கே அதைவிட மிகுதியாகும். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஒரு கப்பல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. யாழ்ப்பாணம் செல்வோருக்கு அது நல்ல வழி. கொழும்புக்கு அங்கிருந்து இன்னும் ஒரு பகற்பொழுது.

விமானத்தில் போவோர் கட்டுநாயக்காவில் இறங்குவர். அது கொழும்புக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல், நீர்கொழும்புக்கு அருகில் உள்ளது. கொழும்பினுள் வந்ததும் முதலில் கோட்டை இரயில் நிலையத்துக்குப் போங்கள். புறக்கோட்டை அதற்கு எதிரே, நடந்தே பார்த்துவிடலாம். பின்னர் வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் போகும் கரையோர இரயிலில் ஏறுங்கள். கட்டணம் மிகக் குறைவு. தண்டவாளம் அலை தெறிக்கும் தொலைவில் ஓடுகிறது. தெற்கே போகும்பொழுது வலப்பக்கத்துச் சன்னலில் இடம் பிடியுங்கள். அந்தப் பக்கந்தான் கடல்.